இல்லாத நாலு பேர்

என் சிநேகிதர்கள் நாலு பேரைத் தெர்ப்பில் சேர்க்க எனக்கு ஒரு கோடைகாலம் முழுக்கத் தேவைப்பட்டது. அந்த நாலு பேரும் உலகத்தில் இல்லவே இல்லை என்று தீர்ப்புச் சொல்ல ஒருவனுக்கு ஒரு வரி போதுமாக இருந்தது.

தெர்ப் என்பது எழுதுகிறவர்கள் கூடும் இணையத்தளம். மற்றத் தளங்களைப் போலவே அங்கேயும் எழுதலாம், படம் போடலாம், பதில் சொல்லலாம். ஆனால் படிக்கிறவர் போடும் ஓட்டு, தெர்ப்பின் சொந்தக் கிரிப்டோ நாணயமாக எழுதியவரிடம் வந்து சேரும். அந்த நாணயத்தை விற்காமல் பூட்டி வைத்திருப்பவரின் ஓட்டுக்கு எடை அதிகம். அங்கே எழுதியதை யாராலும் அழிக்கவும் முடியாது. முதலாளி என்று ஒருவர் கிடையாது. எழுதியதெல்லாம் ஊர் ஊராகப் பல கணினிகளில் பிரதியாகிக் கிடக்கும்.

நாணயத்துக்காக நான் அங்கே போகவில்லை. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

நான் பேசாத ஆள். எங்கள் பள்ளியில் ஒவ்வொருவரும் வருஷத்துக்கு ஒருமுறை வகுப்பின் முன்னால் நின்று ஏதாவது ஒன்றைப் பற்றிப் பேசியாக வேண்டும். முயல் வளர்ப்பதைப் பற்றிப் பேசப் போய், மணி அடிக்கும்வரை வாயைத் திறக்காமல் நின்றேன். அடுத்த வருஷம் பேச வேண்டிய நாளன்று பள்ளிக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. கட்டாயப் படிப்பு அதிகாரி பலமுறை வீட்டுக்கு வந்து, அம்மா கொடுத்த காபியைக் குடித்து, என்னிடம் ஒரு வார்த்தைகூட வாங்க முடியாமல் போனார். படிப்பு அப்படியே நின்றுபோனது.

இப்போது கோடையில் எங்கள் ஊர்க் கால்வாயின் தூக்குப் பாலத்தில் வேலை. படகு வந்தால் மணியடித்து, சாலைத் தடுப்பை இறக்கி, பாலத்தைத் தூக்குவேன். கட்டணத்துக்குத் தூண்டில் கோலில் கட்டிய மரச்செருப்பு ஒன்றை இறக்குவேன். படகுக்காரர் அதில் போட்டுவிட்டுப் போவார். கையசைத்தால் போதும், பேச வேண்டாம். எனக்கென்றே உண்டாக்கிய வேலை.

அந்தப் படகுகளைப் பற்றித்தான் தெர்ப்பில் எழுதினேன். பாலத்துக்கு இந்தப் பக்கம் தொடங்கிய சண்டையை அந்தப் பக்கம் போயும் அதே சொல்லில் தொடர்ந்த கணவன் மனைவியைப் பற்றி. மேல்தளத்தில் பியானோவைக் கட்டிக்கொண்டு போன ஜெர்மானியரைப் பற்றி. ஐரிஷ் தீவு ஒன்றில் தபால் பிரிக்கும் ஊனா என்ற பெண் ஒன்று விடாமல் படித்துப் பதில் எழுதுவாள். அவளைப் போல இன்னும் சிலர் இருந்தார்கள். நான் ஒரு வாரம் எழுதாவிட்டால் பாலம் உடைந்துவிட்டதா என்று கேட்பார்கள். ‘ஹிஸ்கே சொன்னாளே’ என்று என் பெயரைச் சொல்லிப் பேசிக்கொள்வார்கள். அந்த ஓர் இடத்தில்தான் எனக்குக் குரல் இருந்தது.

என் சொந்தச் சிநேகிதர்கள் மட்டும் அந்தக் குரலைக் கேட்டதே இல்லை. அதனால்தான் அவர்களைக் கூப்பிட்டேன்.

மரித் ரொட்டிக்கடையில் வேலை செய்கிறாள். பாலர் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள். எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். தனக்கு எழுத என்ன இருக்கிறது என்றாள். நீன்கே க்ரோனிங்கன் நகரத்தில் சட்டம் படிக்கிறாள், வார இறுதியில் வருவாள். தெர்ப்பின் விதிகளை முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்துவிட்டு, எனக்குப் பதில் தெரியாத கேள்விகளை வரிசையாகக் கேட்டாள். டுர்க் படகுப் பட்டறையில் வண்ணம் பூசுகிறவன். தவளைப் படம் போட்ட ஏதோ ஒரு நாணயத்தில் ஒரு கோடைக்கூலியைப் போட்டுத் தொலைத்தவன். கிரிப்டோ என்ற சொல் காதில் விழுந்தாலே எழுந்து வெளியே போய்விடுவான். சீப்ரன் அப்பாவின் மாட்டுப்பண்ணையைப் பார்க்கிறான். புதிதாக எது வந்தாலும் ஏமாற்று என்பான்.

“நல்லவங்க எல்லாரும் இப்படித்தான் மாட்டிக்கிறாங்க ஹிஸ்கே,” என்றான் ஒருநாள். “முதல்ல நாலு பேரைச் சேருன்னு சொல்வாங்க. அந்த நாலு பேரு இன்னும் நாலு பேரை. கடைசில எங்க மாடுங்களையும் சேர்க்கச் சொல்லுவ.”

நான் சுட்டிகளை அனுப்பினேன். அவர்கள் கட்டைவிரல் படத்தை மட்டும் திருப்பி அனுப்பினார்கள். ஒருநாள் பந்தாட்டத் திடலில் நாலு பேரும் ஒன்றாக இருந்தார்கள். சொல்ல வேண்டியதை வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். அவர்கள் எதிரில் போய் நின்றதும், “மழை வரும்போல இருக்கு,” என்றேன். வானம் பளிச்சென்று இருந்தது. நாலு பேரும் மேலே பார்த்தார்கள். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆகஸ்டு கடைசியில் மரித்தின் பிறந்தநாள் வந்தது. அவள் அம்மா ஃபோகல் அத்தையின் கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். எங்கள் ஊர் வழக்கப்படி உள்ளே வந்த ஒவ்வொருவரும் ஒரு முனையில் தொடங்கி, எல்லோருக்கும் கைகொடுத்து வாழ்த்துச் சொல்லிக்கொண்டே போனோம். அம்மாவுக்கு மகள் பிறந்ததற்காக. சித்திக்கு அக்கா மகள் பிறந்ததற்காக. பக்கத்து வீட்டுக்காரருக்குப் பக்கத்து வீட்டில் ஒருத்தி பிறந்ததற்காக. ஆளுக்கு ஒரு காபி, இளஞ்சிவப்புச் சர்க்கரை பூசிய கேக்கில் ஒரு துண்டு. பெரியவர்கள் சாயங்காலம் கிளம்பிப் போனார்கள். நாங்கள் ஐந்து பேரும் ஃபோகல் அத்தையும் அதே நாற்காலிகளில் மிச்சமிருந்தோம்.

டுர்க் வம்புக்குத்தான் ஆரம்பித்தான். என் தெர்ப் கடை இன்னும் திறந்திருக்கிறதா, யாராவது சேர்ந்தார்களா என்று கேட்டான். அப்படி என்னதான் எழுதுகிறேன் என்று பார்க்க வேண்டுமாம். நான் போனைத் திறந்து அவன் கையில் கொடுத்துவிட்டேன். பேசுவதைவிட அது சுலபம்.

அவன் எழுந்து நின்று, தேவாலயத்தில் போதகர் வாசிப்பதுபோலக் குரலை இழுத்து வாசித்தான். எல்லோரும் சிரித்தார்கள். அது வருஷா வருஷம் ஒரே நாயோடு பாலத்தைக் கடக்கும் ஒரு மனிதரைப் பற்றியது. நாய் எப்போதும் முன்பக்கம் ஒரு பச்சை மெத்தையில் உட்கார்ந்து, பாலம் தூக்குகிறபோது என்னைப் பார்த்துக் குரைக்கும். இந்த வருஷம் மெத்தை மட்டும் இருந்தது. பாலத்தின் அடியில் வந்ததும் அந்த மனிதர் அண்ணாந்து என்னைப் பார்த்து, மெதுவாக ஒருமுறை குரைத்தார்.

பாதியிலேயே டுர்க்கின் குரல் இறங்கிவிட்டது. எழுத்து பொடியாக இருக்கிறது என்று சொல்லிப் போனை நீன்கேயிடம் கொடுத்தான். மிச்சத்தை அவள் வாசித்தாள். முடிந்ததும் ஃபோகல் அத்தை எழுந்து போய், கேக்கைக் கொண்டுவந்து, எல்லோருக்கும் இரண்டாவது துண்டு வைத்தாள். எங்கள் பக்கத்தில் இரண்டாவது துண்டு என்பது சாதாரண விஷயம் அல்ல.

“இதை நீயா எழுதின?” என்றான் சீப்ரன்.

“ஆமா.”

“இவ்வளவையும் உள்ள வச்சுக்கிட்டு எங்ககிட்ட மழை வரும்னு சொல்லிட்டிருந்தியா?”

மரித் தன் போனை எடுத்து, எப்படிச் சேர்வது என்று கேட்டாள். அவள் கேட்டதும் மற்ற மூவரும் எடுத்தார்கள்.

தெர்ப்பில் ஏற்கெனவே இருப்பவர் அழைத்தால்தான் புதியவர் சேர முடியும். நாலு பேரையும் நானே அழைத்தேன். திறவுச்சொல் நீளமாக வரும், தொலைத்தால் திரும்பக் கிடைக்காது, போன் போட்டுக் கேட்க அலுவலகம் எதுவும் இல்லை என்று எச்சரித்தேன். போன் போட்டுக் காத்திருக்கவே வேண்டாம் என்றால் நல்ல இடம்தான் என்றான் டுர்க். பிறகு ஆளுக்கு ஒரு வரி எழுதினார்கள். தான் ரொட்டி விற்பதாகவும் இன்று தனக்குப் பிறந்தநாள் என்றும் மரித் எழுதினாள். ‘ஹிஸ்கே சொன்னாள், வந்தேன், பால் கறக்க நேரமாகிவிட்டது’ என்று சீப்ரன் எழுதினான்.

அப்புறம்தான் அது நடந்தது. மரித் தன் வலப்பக்கம் இருந்த நீன்கேயின் வரிக்கு ஓட்டுப் போட்டாள். அடுத்தது டுர்க்குக்கு. அடுத்தது சீப்ரனுக்கு. அவள் செய்ததைப் பார்த்து நீன்கே, அவளைப் பார்த்து மற்றவர்கள். ஒருவர் விடாமல் ஒருவருக்கொருவர் போட்டார்கள். கடைசியில் நாலு பேரும் என் பழைய எழுத்துகளைத் தேடித் தேடி, ஒவ்வொன்றுக்கும் போட்டார்கள். யாரும் யோசித்துச் செய்யவில்லை. பிறந்தநாள் வீட்டில் யாரையும் விட்டுவிட்டுப் போகக் கூடாது. சின்ன வயதிலிருந்து கைக்குப் பழகியது அது. எனக்கே பிறந்தநாள் போல இருந்தது. ஏதோ தவறு நடக்கிறது என்று எனக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை பாலத்தோரம் நான் வேலை பார்க்கும் சின்னக் கூண்டில் உட்கார்ந்து தெர்ப்பைத் திறந்தேன். எல்லாம் சாம்பலாகியிருந்தது.

எதிர் ஓட்டு என்று ஒன்று உண்டு. ஓட்டின் எடை அதிகமுள்ள கனமான கை ஒன்று எதிர் ஓட்டுப் போட்டால் எழுத்து சாம்பல் நிறமாகி, ஒரே வரியாகச் சுருங்கிவிடும். ‘நம்பத் தகாதது. பார்க்க விரும்பினால் தட்டவும்’ என்று அதன்மேல் இருக்கும். எழுத்து அழிவதில்லை. ஆனால் யாரும் தட்டுவதில்லை. அதுவரை நானும் தட்டியதில்லை.

அந்தக் கை சல்லடையுடையது. அதுதான் அவன் அங்கே வைத்துக்கொண்ட பெயர். ஊர், முகம் எதுவும் யாருக்கும் தெரியாது. கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். அடுத்தவர் படத்தைத் திருடிப் போடுகிறவர்களையும், நூறு பொய்ப் பெயர்களை உண்டாக்கித் தனக்குத் தானே ஓட்டுப் போட்டுக்கொள்கிறவர்களையும் தேடிப் பிடித்துக்கொண்டிருந்தான். அதற்காகவே பலர் தங்கள் ஓட்டின் எடையை அவனுக்கு இரவல் கொடுத்திருந்தார்கள். வசந்தத்தில் நானும் கொடுத்திருந்தேன்.

சீப்ரனின் வரிக்குக் கீழே அவன் எழுதியிருந்தான்: ‘ஒரே ஆள் அழைத்த நாலு பெயர்கள். ஒரே மாலையில் பிறந்தவை. தங்களுக்குள் சுற்றிச் சுற்றி ஓட்டு, பிறகு எல்லா ஓட்டும் அழைத்தவருக்கு. இந்த நாலு பேர் இல்லை. ஒரே கை, ஐந்து முகமூடி.’

நான் பிறந்தநாளைப் பற்றி, நாற்காலிகளைப் பற்றி, எல்லோருக்கும் எல்லோரும் வாழ்த்துச் சொல்வதைப் பற்றி நீளமாக எழுதினேன். மத்தியானம் பதில் வந்தது. ‘பிறந்தநாள் இல்லாதவர்களுக்கும் விருந்தாளிகள் வாழ்த்துச் சொல்வார்கள் என்கிறீர்கள். இந்த வருஷம் நான் கேட்ட சாக்குகளில் இதுதான் அழகானது.’

மரித் சொன்னபடி நாலு பேரும் ரொட்டிக்கடை வாசலில் நின்று முன்பு எடுத்த படம் ஒன்றை அனுப்பினேன். நாலு முகங்களைச் செய்ய இன்று ஒரு கணினிக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டான். அதோடு ஒரு வழியும் சொன்னான். நாலு பெயர்களும் என்னுடையவைதான் என்று பொதுவில் ஒரு வரி எழுத வேண்டும். அவற்றைக் கைவிட வேண்டும். அப்படிச் செய்தால் என் பழைய எழுத்துகளின் மேலிருந்து கையை எடுத்துவிடுவான். கடைசியில் இப்படி முடித்திருந்தான்: ‘நீங்கள் நன்றாக எழுதுகிறீர்கள். அது வீணாக வேண்டாம்.’

அந்த வரியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஊனா எனக்குத் தனியாக எழுதினாள். பேசாமல் அந்த ஒரு வரியை எழுதிவிடு, அங்கே பாதிப் பேர் எப்போதோ அப்படி எழுதினவர்கள்தான், இலை உதிர்வதற்குள் எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். மற்ற வாசகர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வாரம் நான் எழுதியதற்கு யாரும் வரவில்லை. பாலம் உடைந்துவிட்டதா என்று கேட்கவும் ஆளில்லை.

சனிக்கிழமை நாலு பேரும் பாலத்துக்கு வந்தார்கள். கூண்டுக்கு வெளியே உள்ள பெஞ்சில் மூன்று பேர், சைக்கிள் மேல் டுர்க். சல்லடை எழுதியதை எல்லாம் அவர்களிடம் காட்டினேன். உண்மையைச் சொன்னால், அவர்களுக்கு இதில் நிம்மதியாகவே இருக்கும் என்று நினைத்தேன். இஷ்டமில்லாமல் வந்தவர்களுக்குப் போக ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அந்த ஒரு வரியை மனசுக்குள் ஏற்கெனவே எழுதிவைத்திருந்தேன்.

நீன்கே போனை வாங்கி இரண்டு முறை படித்தாள்.

“எழுதிடு ஹிஸ்கே,” என்றாள். “எங்களுக்கு அது ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம். உனக்கு அது வீடு.”

டுர்க்கும் அதையே சொன்னான். தான் இல்லை என்று கேட்பது தனக்குப் புதிதில்லை, பட்டறை முதலாளி தினமும் அதைத்தான் சொல்கிறார் என்றான்.

சீப்ரன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். “என்ன எழுதணுமாம்?”

“நீங்க எல்லாரும் நான்தான்னு.”

“நான், நீயா? உனக்கு மாட்டுக்குப் பக்கத்துல நிக்கவே பயம்.” மறுபடி தண்ணீரைப் பார்த்தான். “எவனோ ஒருத்தன் என்னை இல்லன்னு சொல்றான். சரி, சொல்லிட்டுப் போறான். அதுக்கு நீ ஆமான்னு எழுதப் போற. அதான் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கு. மத்தபடி உன் இஷ்டம்.”

நான் மரித்தைப் பார்த்தேன். இப்படிப்பட்ட நேரத்தில் அவள் எனக்குப் பதிலாகப் பேசிவிடுவாள். அப்படித்தான் இத்தனை வருஷமும் போயிற்று. அன்றைக்கு அவள் வாயைத் திறக்கவில்லை. தலையை நிமிர்த்தி என்னைப் பார்க்கவும் இல்லை.

படகு ஒன்று ஊதியது. மணியடித்து, தடுப்பை இறக்கி, பாலத்தைத் தூக்கினேன். பாய்மரத்தைச் சாய்க்காத பெரிய படகு, அவசரமில்லாமல் வந்தது. சாலையில் கார்கள் நின்றன. மரச்செருப்பை இறக்கி, மேலே இழுத்தேன். பாலத்தை இறக்கித் தடுப்பைத் தூக்கியதும் கார்கள் போயின. திரும்பிப் பார்த்தால் நாலு பேரும் அதே இடத்தில் அப்படியே இருந்தார்கள். ஒருவரும் வேறு பேச்சை எடுக்கவில்லை.

“எழுத மாட்டேன்,” என்றேன்.

நீன்கே, அவசரப்பட வேண்டாம், ஒரு வருஷ எழுத்து போய்விடும் என்றாள்.

“போகட்டும். நான் பாக்காத படகைப் பத்தி இதுவரைக்கும் ஒரு வரி எழுதினதில்ல. பொய்யா ஒரு நாயைக்கூட எழுதினதில்ல. இப்ப உங்களை இல்லன்னு எழுதிட்டு, அதுக்கப்புறம் அங்க உக்காந்து எதை எழுதறது? யாரு நம்பணும் அதை? அந்த ஆளு கையை எடுத்தா எடுக்கட்டும், எடுக்கலன்னா போகட்டும். நீங்க இருக்கீங்க. நான் ஆமான்னு எழுத மாட்டேன்.”

அவ்வளவு நீளமாக நான் பேசி அவர்கள் கேட்டதில்லை. கார் ஒன்று பின்னாலிருந்து ஒலியெழுப்பியது. தடுப்புக் கம்பத்தில் கையை வைத்துக்கொண்டு நான் சாலையிலேயே நின்றிருந்தேன். மரித் எழுந்து வந்து என்னை ஓரத்துக்கு இழுத்தாள். அவள் கண் சிவந்திருந்தது. “முயல் வளர்க்கிறதைப் பத்தியும் இப்படியே பேசியிருக்கலாம்ல,” என்றாள்.

அன்று சாயங்காலம் கூண்டிலேயே உட்கார்ந்து எழுதினேன். எழுதியது இதுதான்.

‘இந்த நாலு பேரும் நான் அல்ல. மரித், கடைக்கு வருகிறவர் முகத்தைப் பார்த்தே எந்த ரொட்டி என்று எடுத்துவிடுவாள். எனக்கு அது வராது. நீன்கே எதையும் இரண்டு முறை படிப்பாள். உங்கள் தீர்ப்பையும் படித்தாள், அதில் சாட்சியம் இல்லை என்கிறாள். டுர்க் உங்களைப் போன்றவர்களால் ஒரு கோடைக்கூலியை இழக்கவில்லை. உங்களைப் போல ஒருவர் அந்தத் தவளைத் தளத்தில் இல்லாததால் இழந்தான். ஆகவே உங்கள் வேலை தேவையானது என்று எங்களுக்குத் தெரியும். சீப்ரன் பால் கறக்கப் போயிருக்கிறான். அவனிடம் நீங்கள் நேரில் சொல்லிப் பாருங்கள், நீ இல்லை என்று.

நாங்கள் இருப்பதை இதற்குமேல் உங்களுக்கு நிரூபிக்க மாட்டோம். வசந்தத்தில் உங்களுக்கு இரவல் கொடுத்த என் ஓட்டின் எடையை இன்று திரும்ப எடுத்துக்கொண்டேன். மிகச் சின்ன எடைதான். உங்களுக்குக் குறைந்ததே தெரியாது. ஆனால் என்னைச் சாம்பலாக்கும் கையில் என் விரலும் இருக்க வேண்டாம்.’

பதிவிட்டு, கூண்டைப் பூட்டிச் சைக்கிளை எடுப்பதற்குள் அது சாம்பலாகிவிட்டது. அவன் பதில் எழுதவில்லை. மறுநாள் அதன் கீழே ஊனாவின் ஒரு வரி இருந்தது: ‘முட்டாள் பெண்ணே. தட்டிப் படித்தேன்.’

அதற்கப்புறம் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு கோடை முழுக்கக் கெஞ்சியும் வராதவர்கள், இல்லை என்று ஒருவன் சொன்னதும் அங்கேயே குடியேறிவிட்டார்கள். கறவைக்கு வர மறுக்கும் ஒரு பசுவைப் பற்றிச் சீப்ரன் தினமும் எழுதினான். பசுவின் பெயரைச் சொல்ல மாட்டான், அதற்கும் மானம் உண்டாம். தவளை நாணயத்தில் தான் ஏமாந்த கதையை டுர்க், யாரும் கேட்காமலே, ஆரம்பத்திலிருந்து எழுதினான். மனசு சரியில்லாதவர்கள் எந்த ரொட்டி வாங்குகிறார்கள் என்று மரித் எழுதினாள். தெர்ப்பின் விதிகளில் உள்ள ஓட்டைகளைப் பற்றி நீன்கே அடிக்குறிப்புகளோடு எழுதினாள். அதை நாங்களே படிக்கவில்லை. எல்லாம் வெளிவந்த சூட்டோடு சாம்பலாயின. நாணயம் என்று ஒன்றும் யாருக்கும் சேரவில்லை. நாங்கள் ஒருவர் எழுதியதை ஒருவர் தட்டிப் படித்து, அடியில் சண்டை போட்டுக்கொண்டோம். பழைய வாசகர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். சிலர் வரவில்லை.

அக்டோபர் கடைசியில் படகுகள் நின்றுபோயின. பாலத்து வேலை முடிந்தது. ஒருநாள் மரித் கடையில் இருந்த நேரத்தில் ஃபோகல் அத்தை என்னைக் கூப்பிட்டனுப்பினாள். போனேன். மேசையில் மரித்தின் பழைய கணினியைத் திறந்து, மூக்குக்கண்ணாடியும் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

தனக்கும் ஓர் அழைப்பு வேண்டும் என்றாள்.

நான் பயந்துவிட்டேன். என் அழைப்பில் சேர்கிற யாரும் பிறக்கும்போதே சாம்பலாகத்தான் பிறப்பார்கள் என்று சொன்னேன். ஒருவரும் படிக்க மாட்டார்கள், நாணயம் எதுவும் வராது, வேண்டுமானால் ஊனாவிடம் சொல்லி அவள் பெயரில் அழைக்கச் சொல்கிறேன் என்றேன்.

“அந்த ஐரிஷ்காரியை எனக்குத் தெரியாது. உன்னைத்தான் தெரியும். உன் பேர்லயே அனுப்பு.”

“அவங்க உங்களையும் இல்லன்னு சொல்லிடுவாங்க அத்தை.”

“சொல்லட்டும். என் பொண்ணையே இல்லன்னு சொல்லியிருக்கான். நான் சும்மா இருப்பேன்னு நெனச்சானா?”

அனுப்பினேன். அவள் ஒற்றை விரலால், ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினாள். நடுவில் காபி ஆறிப்போனது. எழுதி முடித்ததும் என்னைப் படித்துப் பார்க்கச் சொன்னாள்.

‘என் பெயர் ஃபோகல். மரித்தைப் பெற்றவள். அவள் இருக்கிறாள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். வெளியே வர ஒன்றரை நாள் எடுத்துக்கொண்டாள். அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?’

பொத்தானை அவளே அழுத்தினாள். இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் எழுந்து போய்க் காபியைச் சுடவைத்து வந்தாள். திரும்பி வந்தபோது எழுத்து மங்கி, ஒரு வரியாகச் சுருங்கியிருந்தது.

“இதுக்கு என்ன அர்த்தம்? படிச்சுட்டானா?”

“படிச்சாத்தான் சாம்பலாக்க முடியும்.”

“நல்லது,” என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “சீப்ரனோட அம்மாவும் கேட்டுட்டிருந்தா. அவளுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்காம். அவளையும் கூப்பிடு.”

நான் நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, சீப்ரனின் அம்மாவுக்கு அழைப்பை அனுப்பினேன்.